டென்ட் முகாம் பில் ஐந்து மடங்கு: அதில் எந்தத் தொகையை எதிர்க்கலாம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் முகாம் இருந்த ஊரையும் நீக்கியிருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது:

மலை மாவட்டம் ஒன்றில், அரசுத் துறைக்குச் சொந்தமான பூங்காவின் டென்ட் முகாமுக்கு இவர் குடும்பமும் தோழியின் குடும்பமும் பொங்கல் விடுமுறைதோறும் போய்வருகிறார்கள். 2020 ஜனவரியில் ஒரு டென்ட்டுக்கு இரவுக்கு 900 ரூபாய். இரண்டு டென்ட், இரண்டு இரவு, மொத்தம் 3,600. அப்போது துறையே முகாமை நடத்தியது. இப்போது டெண்டர் எடுத்த ஒருவர் நடத்துகிறார். 2026 பொங்கலுக்கு டென்ட் 2,800 ரூபாய். டென்ட்டுக்கு ஒரு குழந்தைதான் கணக்கு என்று சொல்லி, இரண்டு டென்ட்டிலும் இரண்டாவது குழந்தையின் மெத்தைக்கு இரவுக்கு 600. இந்த 13,600 ரூபாயின் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதற்கும் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கட்டியது 17,652 ரூபாய் 80 காசு. கேம்ப் ஃபயருக்கு ரசீது இல்லாமல் 1,000 ரூபாய் தனி. உடன் வரவிருந்த கொழுந்தனார் குடும்பம் புதுச்சேரியில் இருக்கிறது. குழந்தைக்கு டெங்கு வந்ததால் ஐந்து நாள் முன்பே அவர்கள் ரத்து செய்தும், முன்பணம் 5,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

"அரசு இடத்துக்கு இப்படி விலை ஏற்ற முடியுமா? ஐந்து லட்சம் கேட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டில் கேஸ் போடச் சொல்கிறார் அண்ணன். அதெல்லாம் வேண்டாம், அடுத்த வருஷம் சொந்தமாக டென்ட் வாங்கி சில்வர் பீச்சிலோ பிச்சாவரத்திலோ போட்டுக்கொள்ளலாம், அது இலவசம்தானே என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?"

அன்புள்ள சகோதரி,

பில்லின் நகலையும் சேர்த்து அனுப்பியது பெரிய உதவி. "அநியாய விலை" என்று மொத்தமாக எதிர்த்தால் தோற்பீர்கள். பில்லை வரி வரியாகப் பிரித்து எதிர்த்தால் கணிசமான தொகை திரும்ப வர வழியிருக்கிறது. விலையைக் கேள்வி கேட்கும் இடம் வேறு, பில்லைக் கேள்வி கேட்கும் இடம் வேறு.

விலை ஏற்றத்தை யாரிடம் கேட்பது

நிலம் அரசுடையது என்பதற்காக வாடகையை உயர்த்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 900 ரூபாய் டென்ட் 2,800 ஆனது மட்டுமே "சேவைக் குறைபாடு" ஆகாது. விலையை நிர்ணயிக்கும் வேலையை நுகர்வோர் ஆணையம் (அண்ணன் சொல்லும் கன்ஸ்யூமர் கோர்ட்) பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. முன்கூட்டியே காட்டிய விலையைப் பார்த்து, சம்மதித்து, பதிவு செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அந்தப் பகுதி அதோடு முடிந்துவிடும்.

ஆனால் ஒப்பந்ததாரர் தன் விருப்பத்துக்கு விலை வைக்கலாம் என்பதும் இல்லை. அரசு இடத்தை டெண்டரில் விடும்போது, வசூலிக்கக்கூடிய உச்சக் கட்டணம், ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்தலாம், விலைப் பலகை எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்த நிபந்தனைகளில் வரக்கூடியவை. அந்தத் தாளை முதலில் கையில் வாங்குங்கள். வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005.

வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் விலையை ஏற்றினீர்கள்?" என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டத்தில் ஆவணம் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. பலர் இந்த இடத்தில்தான் தவறி, "கேள்வி தகவல் என்ற வரையறையில் வராது" என்ற ஒற்றை வரிப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இப்படிக் கேளுங்கள்: முகாமை நடத்தும் ஒப்பந்தத்தின் நகல், அதிலுள்ள கட்டண அட்டவணையின் நகல், 2020 முதல் கட்டணத்தை மாற்றிய ஒவ்வொரு ஆணையின் நகல், சர்வீஸ் சார்ஜ் வசூலிக்க அனுமதித்த ஆணை இருந்தால் அதன் நகல். நான்கு போதும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வணிக ரகசியம் என்று மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பொது இடத்தில் பொதுமக்களிடம் வசூலிக்கும் கட்டண அட்டவணை ரகசியமாக இருக்க முடியாது என்பதே உங்கள் வாதம்.

அட்டவணையில் 1,800 என்றிருந்து உங்களிடம் 2,800 வாங்கியிருந்தால், விலைப் பிரச்சினையே பில் பிரச்சினையாக மாறிவிடும். வாங்கிய விலைக்கு ஒப்பந்தத்தில் அனுமதி இருந்தால், அந்த மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். வெறுமனே "குறையுங்கள்" என்று எழுதாமல், மெத்தை, உணவு எதுவும் இல்லாமல் சொந்த டென்ட் அடிக்க மட்டும் சில இடங்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கக் கேளுங்கள். துறைக்குச் செலவு அதிகமில்லாத கோரிக்கை இது. மாதச் சம்பளக் குடும்பம் பிள்ளைகளோடு இரண்டு இரவு தங்க முடியாத விலையில் ஒரு பொதுப் பூங்கா இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மனுவில் அதைத் தயங்காமல் எழுதுங்கள். பள்ளியின் இயற்கை மன்றம் இருந்தால் அதன் பெயரிலும் ஒரு மனு போகட்டும்.

ஜி.எஸ்.டி.: 18 சதவீதம் எங்கிருந்து வந்தது?

உங்கள் பில்லில் மிகப் பலவீனமான இடம் இது. ஜி.எஸ்.டி. அறிவிக்கையில் "ஹோட்டல் தங்குமிடம்" என்பதற்கு உள்ள வரையறை விடுதி, கெஸ்ட் ஹவுஸ், கிளப் ஆகியவற்றோடு முகாம் தளங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதனால் ஹோட்டல் அறைக்கு உள்ள விகிதமே டென்ட்டுக்கும்.

அந்த விகிதம் மாறிவந்த வரலாறு உங்கள் விஷயத்துக்கு முக்கியம். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வரையுள்ள தங்குமிடத்துக்கு 2022 ஜூலை 17 வரை வரி இல்லை. உங்கள் 900 ரூபாய் டென்ட்டுக்கு அன்று வரி கட்டாததன் காரணம் அதுதான். ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள தங்குமிடத்துக்கு 5 சதவீதம்தான். உங்கள் டென்ட் மெத்தையோடு சேர்த்து ஒரு நாளைக்கு 3,400. 13,600 ரூபாய்க்கு 5 சதவீதம் 680 ரூபாய். உங்களிடம் வாங்கியது 2,692 ரூபாய் 80 காசு. 2,012 ரூபாய் 80 காசு அதிகம்.

நடத்துபவர் தரப்பில் இரண்டு பதில் வரலாம். "5 சதவீதத்தில் எங்களுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது" என்பது ஒன்று. அது உண்மைதான். டென்ட், மெத்தை, சலவைக்கு அவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதற்காக அவர் அடிப்படை வாடகையை உயர்த்தலாமே தவிர, வரி விகிதத்தை மாற்ற முடியாது. "இது தங்குமிடம் இல்லை, மலையேற்றமும் சாகச விளையாட்டும் சேர்ந்த பேக்கேஜ்" என்பது இரண்டாவது. எல்லாவற்றையும் ஒரே விலையில் விற்றிருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமிருக்கும். உங்கள் பில்லில் "டென்ட் வாடகை", "கூடுதல் மெத்தை" என்று தனித்தனியாகவே இருக்கிறது. பில்லில் குறியீட்டு எண் 9963 என்று தொடங்குகிறதா பாருங்கள். அது தங்குமிடம், உணவுச் சேவைகளுக்கான தொடக்கம். அப்படியென்றால் அவர் பில்லே அவருக்கு எதிரான சாட்சி.

பில்லின் தலையில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரி எண் 34. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இலவசமாகத் தேடி, பதிவு உயிரோடு இருக்கிறதா, கம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கிறாரா என்று பாருங்கள். பதிவு இல்லாதவரும் கம்போசிஷனில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று ஒரு காசுகூட வாங்கக் கூடாது.

இதில் நாள் கணக்கு உண்டு. அதிகம் போட்ட வரியைச் சரிசெய்ய அவர் கிரெடிட் நோட் கொடுக்கலாம். 2025-26 நிதியாண்டு பில்லுக்கு அதற்கான கடைசி நாள் 2026 நவம்பர் 30. அதற்குப் பிறகு "இனி கணக்கில் திருத்த முடியாது" என்பார். எனவே தகவல் உரிமைப் பதிலுக்குக் காத்திருக்காமல் இந்தக் கோரிக்கையை உடனே எழுத்தில் வையுங்கள்.

சர்வீஸ் சார்ஜும் கேம்ப் ஃபயரும்

ஹோட்டல்களும் உணவகங்களும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. அதில் டென்ட் முகாம் என்ற சொல் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனாலும் பதிவு செய்யும்போது திரையில் 2,800 மட்டும் காட்டிவிட்டு, பணம் கட்டும் இடத்தில் 10 சதவீதத்தை ஏற்றியிருந்தால் அது தனியாகவே ஒரு குற்றச்சாட்டு. 2023 நவம்பரில் வந்த ஏமாற்று இணைய உத்திகளுக்கான விதிகள் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது அவற்றில் ஒன்று. இன்றைக்கே அந்தத் தளத்தில் பதிவு செய்வதுபோல் போய், ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போனபின் திரை மாறிவிடலாம்.

கேம்ப் ஃபயருக்குக் கொடுத்த 1,000 ரூபாய் காவலாளியின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீது இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஜிபே பதிவிலுள்ள 12 இலக்க யு.டி.ஆர். எண்ணே பணம் போனதற்கு ஆதாரம். ஆனால் முகாம் நிர்வாகம் "அது எங்களுக்கு வரவில்லை" என்று கைகழுவலாம். இந்தத் தொகையை முக்கியக் கோரிக்கையாக்காமல், பில் தராமல் வசூலிப்பது அங்கே வழக்கம் என்பதற்குச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனாரின் 5,600 ரூபாய்

"முன்பணம் திரும்பத் தரப்படாது" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். நட்டமே இல்லாத இடத்தில் கட்டிய பணத்தைத் தண்டனைபோல் பறிமுதல் செய்ய முடியாது என்பதை மௌலா பக்ஷ் வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொழுந்தனார் கட்டியது முழு வாடகை. எனவே கேள்வி ஒன்றுதான்: அந்த மூன்றாவது டென்ட் அந்த இரண்டு இரவும் காலியாகக் கிடந்ததா?

நீங்கள் அங்கேயேதான் இருந்தீர்கள். பொங்கல் விடுமுறையில் எல்லா டென்ட்டிலும் ஆள் இருந்தது என்றால், அன்று எடுத்த போட்டோக்களில் தேடுங்கள். பின்னணியில் அந்த டென்ட்டும் அதில் தங்கியவர்களும் தெரிந்தால் போதும். மருத்துவச் சான்று, ரத்து செய்த வாட்ஸ்அப் செய்தி, அதற்கு வந்த பதில் மூன்றையும் சேர்த்து வையுங்கள். ரத்து விதி பணம் கட்டுமுன் காட்டப்பட்டதா, கட்டிய பிறகு வந்த மெயிலில்தான் முதலில் தெரிந்ததா என்பதையும் அவரிடம் கேளுங்கள். பிறகுதான் தெரிந்தது என்றால் அவர் நிலை மிக வலுவானது. முன்பே காட்டி, டென்ட்டும் காலியாகவே கிடந்திருந்தால், பாதி கிடைத்தாலே நல்ல முடிவு என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அண்ணன் சொல்லும் ஐந்து லட்சம்

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் ஐந்து லட்சம் கேட்க வேண்டாம். கையிலிருந்து போனது சில ஆயிரம். நட்டத்துக்குப் பொருந்தாத தொகையைக் கேட்டால், நல்ல வழக்கும் பேராசைபோல் தெரியும். அதிகம் வாங்கிய வரி 2,012.80, சர்வீஸ் சார்ஜ் 1,360, ஆக 3,372.80. அதோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் அளவான ஒரு தொகை கேளுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்கு வசதியானது. முகாம் எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொழுந்தனார் புதுச்சேரியில் போடலாம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.

எதிர்மனுதாரர்களாக ஒப்பந்ததாரரையும் நிலத்துக்குரிய துறையையும் சேர்த்தே போடுங்கள். அரசு அமைப்பு நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற பயம் வேண்டாம். லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 1993-லேயே தீர்த்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்களோடு, மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணையுங்கள். மனுவில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற சொல்லை மட்டும் தவிருங்கள். அந்தக் காரணத்தில் வரும் மனு மாநில ஆணையத்துக்குரியது என்று சொல்லி, மாவட்ட ஆணையம் திருப்பி அனுப்ப நேரலாம். "சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை" என்றே எழுதுங்கள்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதிகமாகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை என்றாலும், இந்த அளவுத் தொகைகள் அங்கேயே தீர வாய்ப்புண்டு.

சொந்த டென்ட், இலவச இடம்

கணவரின் யோசனையில் பாதி நல்லது, பாதி ஆபத்து. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு காப்புக்காடு. படகில் போய்ப் பார்ப்பது வேறு, அனுமதியில்லாமல் உள்ளே தங்குவது வேறு. இரண்டாவது, வனச் சட்டப்படி குற்றம். சில்வர் பீச் புறம்போக்கு நிலம்தான். ஆனால் புறம்போக்கு என்றால் யார் வேண்டுமானாலும் இரவு தங்கலாம் என்று பொருளில்லை. போலீஸ் எழுப்பி அனுப்பினால் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. புதுச்சேரிக் கடற்கரைகளுக்கும் இதே பதில்தான்.

சட்டத்தை விடப் பெரிய காரணம் கடல். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய இந்தக் கரையில் குழந்தைகளோடு டென்ட் போடும் எண்ணமே வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் தெரிந்தவர் தோப்பு ஏதாவது இருந்தால், உரிமையாளரிடம் தேதி, ஆட்கள் எண்ணிக்கை, அடுப்பு மூட்ட அனுமதி மூன்றும் எழுதிய ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு தங்கலாம். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரவில் வெளிச்சம் தெரிந்து திருடன் என்று ஆள் திரள்வதை அது தடுக்கும். முந்திரித் தோப்பில் சருகு கனமாகக் கிடக்கும். அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகைக் கூட்டி மண்ணாக்கி, இரண்டு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகே பற்றவையுங்கள். தோப்பு தீப்பிடித்தால் நட்ட ஈடு உங்கள் தலையில்தான். குளிர்கிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

முகாம் நிர்வாகத்துக்கு இந்த வாரமே எழுத வேண்டிய கடிதத்தைக் கீழே தருகிறேன். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு நகல் துறை அலுவலகத்துக்கும் போகட்டும்.

"தங்கள் பில் எண் ____, நாள் ____. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு உட்பட்ட தங்குமிடத்துக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலித்துள்ளீர்கள். என் சம்மதமின்றி 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்துள்ளீர்கள். கூடுதலாகப் பெற்ற 3,372 ரூபாய் 80 காசை, கிரெடிட் நோட்டுடன், இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். சர்வீஸ் சார்ஜுக்கு அரசு ஆணை இருந்தால் அதன் நகலை அனுப்பவும். தவறினால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்."

கொழுந்தனார் தன் பெயரில் தனிக் கடிதம் அனுப்பட்டும். அதில் அவர் கேட்க வேண்டிய முதல் தகவல், ரத்தான இரண்டு இரவுகளுக்கும் அந்த டென்ட்டின் பதிவேட்டு நகல்.